பதினேழு வளைவு கழித்து ஒரு டீ

மருத்துவ உலகத்துக்குப் போடிநாயக்கனூர் ஒரு புதிய நோயை வழங்கியிருக்கிறது. அதன் பெயர் 'லிங்கேஸ்வரன் நிலை'. இனிமேல் உலகத்தின் எந்த மூலையில் டாக்டருக்குப் படிக்கிறவரும் இந்தப் பெயரை எழுதாமல் பரீட்சையில் தேற முடியாது. இப்படி அறிவித்தவர் அதைக் கண்டுபிடித்த டாக்டர் லிங்கேஸ்வரனேதான். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தம்முடைய கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்த பதினோரு பேர் முன்னிலையில் அறிவித்தார். அந்த நோய் ஆறு மாதமும் ஒன்பது நாளும் உயிரோடு இருந்தது. நோய் வந்து மனிதர் சாவதுதான் வழக்கம். இங்கே மனுஷி பிழைத்துக்கொண்டார், நோய் செத்துப்போனது.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய பெயர்ப் பலகையில் பெயர் ஒரு வரி, பட்டங்கள் மூன்று வரி. மூன்றாவது வரியில் இருப்பது என்ன பட்டம் என்று கேட்டவர்கள் உண்டு, பதில் வாங்கியவர்கள் கிடையாது. 'சுரப்பிகளின் சாம்ராஜ்யம்' என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். காய்ச்சலுக்கு வந்தவர்களுக்கும் ஒரு பிரதி கிடைத்தது. பன்னிரண்டு மாதமும் மெரூன் நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பார். சித்திரை வெயிலில் போடித் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும்போதும் ஸ்வெட்டர்தான்.

"படிப்பு சாஸ்தியானா ரத்தம் குளுந்துரும்த்தா" என்று அதற்கு விளக்கம் சொன்னவர் மொக்கம்மாள். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவர். ஊரும் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது.

நோயாளிகள் மனம் தளர்ந்தால் டாக்டர் தம் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். "நானும் உங்களை மாதிரி தைராய்டுக்காரன்தான். ஒன்பது வருஷமா மாத்திரை போடுறேன். பார்த்தீங்களா, எப்படி இருக்கேன்!" சொல்லிவிட்டு ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

புது நோயின் முதல் நோயாளி, ஒரே நோயாளியும், சூர்யகலா. நாற்பத்து மூன்று வயது. பதின்மூன்று பெண்களை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போய் வேலை வாங்கிக் கூட்டி வருகிற கங்காணி. ஜீப்பில் பின்னால் பதின்மூன்று பேர் முட்டிக்கு முட்டி மடங்கி உட்கார்ந்திருக்க, முன் சீட்டு அவருக்கு. பதினாறு வருடம் கீழே குத்தவைத்துக் காய் எடுத்து வாங்கிய சீட்டு அது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவருக்கு உடம்பு கனத்தது. முகம் உப்பியது. குரல் கரகரத்தது. வெயிலிலும் குளிர் எடுத்தது. ஏலச்செடித் தூரில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டிஎஸ்ஹெச் அறுபத்திரண்டு. நாலரைக்குள் இருக்க வேண்டிய எண். டிஎஸ்ஹெச் என்றால் என்ன என்று லேப்பில் ரத்தம் எடுக்கும் கமர்நிசா அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"கழுத்துல இருக்கிற சுரப்பி ஒங்க ஜீப்புல வர்ற ஆளுன்னு வச்சுக்கங்கக்கா. மூளைதான் கங்காணி. ஆளு மசமசன்னு வேல பாத்தா கங்காணி என்ன செய்வீங்க?"

"கத்துவேன்."

"அந்தக் கத்தல்தான் இந்த நம்பரு. அறுவத்தி ரெண்டுன்னா தொண்ட கிழியக் கத்துதுன்னு அர்த்தம்."

டாக்டர் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதினார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் நாற்பத்தொன்று. எழுபத்தைந்தாக ஏற்றினார், முப்பத்தெட்டு. நூறுக்கு இருபத்தொன்பது. நூற்றிருபத்தைந்துக்கு, மரியாதை இல்லாமல் முப்பத்தொன்று. தை மாதம் நூற்றைம்பது எழுதினார். எழுதும்போதுதான் அவருக்கு அந்த ஞானம் பிறந்தது.

"வெறும் வயித்துலதானே போடுறீங்க?"

"ஆமா சார். ஒரு பருக்கை உள்ள போகாது."

"தினமும்?"

"ஒருநாள் தவறுனதில்ல சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். மாத்திரை சரி. நோயாளி சரி. டாக்டர் சரியென்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அப்படியானால் தப்பு செய்வது அந்த உடம்புதான். மருந்தை எதிர்த்து நிற்கிற அபூர்வமான உடம்பு. அபூர்வத்துக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். டாக்டருக்குக் கைக்கெட்டிய பெயராக ஒன்று இருந்தது.

நூற்றைம்பதுக்குப் பிறகு பங்குனியில் பார்த்தபோதும் இருபத்தேழு. டாக்டர் மகிழ்ச்சியில் மேஜையைத் தட்டினார்.

சூர்யகலா பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். போடியில் சோறு சாப்பாடு, இட்லி பலகாரம், டீ டீதான். மூன்று டீ குடித்துவிட்டு "காலையிலேர்ந்து இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்று சொல்கிறவர்களை யாரும் பொய்யர் என்பதில்லை. சூர்யகலா விடியுமுன் எழுந்து, ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து, ஆவி பறக்கிற டீயைக் கையில் வாங்கி, மாத்திரையை நாக்கில் வைத்து ஒரு மடக்கு இழுப்பார். வயிறு வெறும் வயிறு. மனசாட்சியும் சுத்தம்.

அந்த டீயை அவர் நினைத்தாலும் தவிர்த்திருக்க முடியாது. ஜீப் டிரைவர் ஒச்சப்பன் வைத்த சட்டம் அது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கங்காணி டீ குடிக்குமுன் வண்டி எடுத்து, மலைப்பாதையின் பதினோராம் வளைவில் ரேடியேட்டர் கொதித்து, பதின்மூன்று பெண்களும் லோடு மாதிரி ரோட்டோரம் நின்றார்கள். அன்றிலிருந்து முதல் டீ கங்காணி வாயில் படாமல் ஒச்சப்பன் சாவியைத் திருப்புவதில்லை. கங்காணி ஒரு டீ குடித்தால் துணைக்கு அவர் மூன்று குடிப்பார், சீனி தூக்கலாக. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரையையும் சீனியையும் ஒன்றாக உள்ளே அனுப்பி எது ஜெயிக்கிறது என்று பார்க்கிறவர்.

வைகாசியில் தோட்ட மேனேஜர் பாண்டியராஜ், சூர்யகலாவைக் கூப்பிட்டார்.

"ஆடியில காய் எடுப்பு ஆரம்பிக்குது. நீ தூருக்குத் தூரு தூங்குற. ஒன் ஆளுகளே ஒன் பங்கு வேலையையும் சேத்துச் செய்யுதுக. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

"மாத்திரை போடுறேன் சார்."

"டாக்டரு ஆடியில கூட்டம் போடுறாராமே, ஒன்னைய வச்சு. என்னையும் கூப்பிட்டிருக்காரு. அங்க அவரு தீராதுன்னு சொல்லிட்டாருன்னா ஜீப்ப சுடலை கையில குடுத்துருவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

சுடலை, தோட்டத்தின் எடைக்காரர். மறுநாள் ஜீப் நின்றுகொண்டிருந்தபோது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால் நீட்ட இடம் போதுமா என்று பார்த்துவிட்டு இறங்கினார்.

அதே வாரத்தில்தான் அந்த மழை. செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார் கன்னையன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பாதி மலையாளம். ஒரு சரிவு முழுக்க அடித்து முடித்த பத்தாவது நிமிடம் மழை கொட்டித் தீர்த்தது. பாண்டியராஜ் குடையோடு வந்து நின்றார்.

"போச்சா? நாளைக்கு டேங்குல மருந்தக் கூட்டி ஊத்தி அடி."

"கூட்டி ஊத்துனா கூட்டி ஒழுகும் சாரே. மருந்து மேல என்ன குத்தம்? அடிச்ச ஒடனே மழ பேஞ்சா இலையில எப்படி நிக்கும்? ஒரு மணிக்கூர் காய விட்டா மதி. பழைய அளவே தாராளம்."

பக்கத்துச் செடித்தூரில் தூங்கிக்கொண்டிருந்த சூர்யகலா கண்ணைத் திறந்தார். மழையில் நனைந்தபடியே விரல் விட்டு எண்ணினார். ஐம்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது. கூட்டிக் கூட்டி ஊத்தியாச்சு.

"கன்னையா, மழ இல்லாம டீ ஊத்துனாலும் ஒழுகுமா?"

"செடிக்கு எவன் சேச்சி டீ ஊத்துவான்?" என்றார் கன்னையன். காய்ச்சலோ என்று அவர் நெற்றியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஜீப் போடி திரும்பியதும் சூர்யகலா நேராக லேப்புக்குப் போனார். கமர்நிசா ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நிசா, மாத்திரைய டீல முழுங்குனா என்னாகும்?"

கமர்நிசாவின் கை நின்றது. "எந்த மாத்திரைய?"

"தைராய்டு மாத்திரையத்தான்."

"யா அல்லா! ஒன்றரை வருஷமாவாக்கா?"

"வெறும் வயித்துலதான் போட்டேன்."

"டீ போனப்புறம் அது என்னக்கா வெறும் வயிறு? தண்ணிலதான் முழுங்கணும். அதுக்கப்புறம் அரை மணிக்குக் கொறையாம, ஒரு மணின்னா இன்னும் நல்லது, டீ காபி பால் ஒண்ணும் ஆகாது. டீயோட போனா பாதி மாத்திரை ஒடம்புல ஒட்டாமயே போயிரும். கால்சியம் மாத்திரை, ரத்தத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை போட்டீங்கன்னா அதுக்கு நாலு மணி நேரம் தள்ளணும்." சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தாள். "சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"பதினோரு பேரு முன்னாடி என் ஒடம்புக்குப் பேரு வச்சுருக்காரு. இப்பப் போயி டீன்னு சொன்னா என்னையக் கிறுக்கின்னுவாரு. பேப்பரு பேசட்டும் தாயி. ஆறு வாரம் ஒழுங்காப் போட்டா நம்பரு எறங்குமா?"

"எறங்கும். ஆனா ஒண்ணு. நூத்தம்பது முழுசா ஒட்டுச்சுன்னா உங்களுக்குச் சாஸ்தியாயிரும். படபடப்பு, கை நடுக்கம் வந்தா மறைக்காம வாங்க."

மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் ஒச்சப்பன் நீட்டிய கிளாஸைச் சூர்யகலா வாங்கவில்லை.

"இனிமே டீ இங்க இல்லண்ணே. மேல, மெட்டுல."

ஒச்சப்பன் பின்னால் திரும்பிப் பதின்மூன்று பேரையும் பார்த்தார். "கேட்டீங்களா கதைய? பதினேழு கொண்டை ஊசி வளைவு, வாயில ஒரு சொட்டு எறங்காம! பதினோராம் வளைவுல கொதிச்சா யாரு எறங்கித் தள்ளுறது?"

"அன்னைக்குக் கொதிச்சது கங்காணி டீ குடிக்காததாலயா, நீ ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தாததாலயா?" என்று உள்ளேயிருந்து மொக்கம்மாள் கேட்டார்.

ஆறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. ஒச்சப்பன் மீசையைத் தடவினார்.

"அடிவாரத்துல, முந்தல் செக்போஸ்ட்டுல வண்டிய நிப்பாட்டு" என்றார் சூர்யகலா. "நீ ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து. நான் மாத்திரைக்குத் தண்ணி ஊத்துறேன். பதினேழாவது வளைவு தாண்டி மெட்டுல எறங்கி, முதல் டீ என் வாயில. ஒன் சட்டமும் நிக்கும், என் சட்டமும் நிக்கும்."

"கொதிச்சா?"

"முன் சீட்ட நானே சுடலைக்குக் குடுத்துட்டு வீட்டுல இருக்கேன். எடு வண்டிய."

அன்று ஒச்சப்பன் ஸ்டீயரிங்கைவிட வெப்பமானியைத்தான் அதிகம் பார்த்தார். ஒன்பது, பத்து. பதினோராம் வளைவில் பின்னாலிருந்த பெண்கள் மூச்சு விடவில்லை. பன்னிரண்டாவதில் மொக்கம்மாள் குலவை போட்டார். மெட்டில் இறங்கும்போது மணி ஆறேகால், மாத்திரை போட்டு ஐம்பத்தைந்து நிமிடம். பனிக்குள் நின்று சூர்யகலா குடித்த அந்த டீயின் ருசியை விவரிக்க முடியாது. சாதாரண டீதான். மெட்டுக் கடைக்காரர் ஒருத்தருக்கு ஒரு கிளாஸ் என்பதில் கறாரானவர் என்பதால் ஒச்சப்பனுக்கு அன்று இரண்டு டீ நஷ்டம்.

மூன்றாவது வாரம் சூர்யகலா செடித்தூரில் தூங்கவில்லை. நான்காவது வாரம் குரல் திரும்பியது. அது திரும்பியதில் பதின்மூன்று பேருக்கும் முழுச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது வாரம் அவர் மற்றவர்களைவிடக் கால்வாசி அதிகமாகக் காய் எடுத்தார். ஆறாவது வாரம் கை நடுங்கியது, நெஞ்சு ஜீப் மாதிரி அடித்துக்கொண்டது, ராத்திரித் தூக்கம் போனது.

"சொன்னேன்ல?" என்றாள் கமர்நிசா. "நாளைக்கே ரத்தம் குடுங்க. நாள் கடத்தக் கூடாது."

நாள் கடத்த வேண்டியிருக்கவில்லை. டாக்டரின் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. மேடையில் 'உலகிலேயே முதன்முறையாக' என்று பேனர். அதற்குப் பின்னால் ஆனி மாதத்துக் கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் எட்டிப் பார்த்தது. தேவாரம், ராசிங்காபுரம் வரையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், பெரும்பாலும் தைராய்டுக்காரப் பெண்கள். முதல் வரிசையில் மேனேஜர் பாண்டியராஜ். அவர் பக்கத்தில், சலவைச் சட்டையில், சுடலை.

டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். கிரேக்கத்தில் ஆரம்பித்து, வழியில் இரண்டு இடத்தில் தம் புத்தகத்தில் இறங்கி ஏறி, போடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு சூர்யகலாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்.

"இந்தத் தாய் விழுங்காத மாத்திரை இல்லை. ஆனால் இந்த உடம்பு பணியாது! நேற்று எடுத்த ரத்தத்தின் முடிவு இதோ, சீல் வைத்த கவரில். நானே இன்னும் பார்க்கவில்லை. உங்கள் முன்னால் பிரிக்கிறேன். இருபத்தைந்துக்குக் குறையாது என்று இப்போதே சொல்கிறேன்!"

பாண்டியராஜ் முன்னால் குனிந்தார். சுடலை காலரைச் சரிசெய்துகொண்டார். மேடை ஓரத்தில் கமர்நிசா கூரையில் ஓடும் மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கவரைப் பிரித்து, காகிதத்தை மைக்கின் முன் பிடித்தார்.

"பூஜ்யம்..." என்றார். பிறகு, "புள்ளி..." என்றார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், மீதி எண் பின்பக்கம் இருக்குமோ என்பதைப் போல. "புள்ளி ரெண்டு."

"எவ்ளோ சார்?" என்று பாண்டியராஜ் உரக்கக் கேட்டார்.

"இது யாருடைய ரத்தம்?" என்று டாக்டர் கமர்நிசா பக்கம் திரும்பினார்.

"அக்காவோடதுதான் சார். சந்தேகப்பட்டு ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன். ரெண்டு தடவையும் அதே நம்பரு."

டாக்டர் பெரிய மனிதர், பேச்சு வராமல் போவதெல்லாம் சின்ன மனிதர்களுக்கு. மூன்றே விநாடியில் இரண்டு கையையும் உயர்த்தினார். "வென்றுவிட்டோம்! உலகத்திலேயே லிங்கேஸ்வரன் நிலையை முதன்முதலில் குணப்படுத்தியவரும்..."

"சார், அந்த மைக்க இங்கிட்டுக் குடுங்க" என்றார் சூர்யகலா. வாங்கிக்கொண்டு சொன்னார். "மாத்திரையக் கூட்டுனதால எறங்கல சார். டீயத் தள்ளி வச்சேன், எறங்கிருச்சு."

"டீயா?"

"மாத்திரைய டீலதான் முழுங்குனேன், ஒன்றரை வருஷமா. வெறும் வயித்துலயான்னு கேட்டீங்க, ஆமான்னேன். நான் பொய் சொல்லல, நீங்களும் கேக்காம விடல. டீக்கும் வயித்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு ரெண்டு பேருக்குமே தோணல. இப்பத் தண்ணில முழுங்கிட்டு, பதினேழு வளைவு கழிச்சு மெட்டுல போய் டீ குடிக்கிறேன். அவ்வளவுதான்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏத்தா, அப்பப் பாலு?" இன்னொன்று: "வரக்காப்பி?" ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி எழுந்தே விட்டாள்: "எங்க ஊருல வளைவே இல்லையே, நான் எத வச்சுக் கணக்குப் பாப்பேன்?"

"கடிகாரத்த வச்சுப் பாருங்க" என்றாள் கமர்நிசா. அவளுக்கும் ஒரு மைக் கிடைத்திருந்தது. "இங்க எத்தன பேரு தைராய்டு மாத்திரைய டீ, காபி, பாலோட போடுறீங்க? கைய மட்டும் தூக்குங்க."

முதலில் ஐந்தாறு கை. பிறகு பத்து, இருபது. கடைசியில் மண்டபம் ஏதோ தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றுவது போல இருந்தது. லிங்கேஸ்வரன் நிலை உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே உள்ள அபூர்வ நோய் அல்ல, தேனி மாவட்டத்தின் காலை வழக்கம் என்பது தெரியவந்தது. மேடையிலும் மெரூன் நிறக் கை ஒன்று அரையங்குலம் உயர்ந்து, போன வழியில் மைக் ஸ்டாண்டைச் சரிசெய்தது.

"இன்னொண்ணு சார்" என்றார் சூர்யகலா. "நெஞ்சு படபடங்குது, கை நடுங்குது. மழை நின்னு போச்சு, மருந்து சாஸ்தி. கொறைச்சு எழுதுங்க."

டாக்டர் பேனாவைத் தேடினார். கூட்டமே பார்த்திருக்க, 150 என்று பழக்கத்தில் எழுதி, அடித்து, 100 என்று எழுதினார். ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். அவர் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதி யாரும் பார்த்ததில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பாண்டியராஜ் எழுந்தார். "சூர்யகலா, நாளைக்கு ஜீப்பு எத்தன மணிக்கு?"

"எப்பவும் போறதுதான் சார். சுடலையண்ணே, வர்றதா இருந்தா வெரசா வந்துருங்க. பின்னால எடம் இருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒச்சப்பன் அடித்த விசில், மண்டபத்துக்கு வெளியே இரண்டு நாய்களைக் குரைக்க வைத்தது.

ஆறு வாரத்தில் சூர்யகலாவின் எண் இரண்டே கால். படபடப்பு போயிற்று, தூக்கம் வந்தது, வீட்டில் மட்டும். ஒச்சப்பனுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பத்தே காலிலிருந்து எட்டரைக்கு இறங்கியது. அதில் பாதிப் பெருமை மெட்டுக் கடைக்காரருடையது, பாதி, மாத்திரையைச் சாப்பாட்டோடு நேரத்துக்குப் போடவைத்த கமர்நிசாவுடையது. ஒச்சப்பன் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். இப்போது காலையில் முந்தலில் ஏழெட்டு ஜீப்புகள் நிற்கின்றன. முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர், பின்னால் பெண்களுக்குத் தண்ணீர். பதினேழாவது வளைவு முடிந்ததும் மெட்டுக் கடையில் இரண்டு பாய்லர் கொதிக்கிறது. முன் சீட்டிலிருந்து இறங்கி சூர்யகலா முதல் மடக்கை இழுக்கும்வரை மற்ற ஜீப் ஆட்களும் கிளாஸைத் தொடுவதில்லை. அது எப்படிச் சட்டமாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் அடுத்த சித்திரையில் ஸ்வெட்டர் போடவில்லை. காரணத்தை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சுஜாதா லேப்புக்கு வந்தபோது கமர்நிசாவிடம் சொன்னார்.

டாக்டர் லிங்கேஸ்வரன் ஒன்பது வருடமாகத் தம்முடைய தைராய்டு மாத்திரையை ஃபில்டர் காபியில் விழுங்கி வந்தார்.